எந்த ஸ்டேஷன், சார்?

ரயிலில் எதிர் சீட்டுக்காரர் “சார் என்ன பண்றீங்க?” என்று கேட்டார். மனைவி தூங்கிக்கொண்டிருந்த தைரியத்தில் “ரைட்டர்” என்றேன். அவர் சட்டென்று காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். “எந்த ஸ்டேஷன், சார்?”

“கதை எழுதுறேங்க” என்று விளக்கினேன். காலைப் பழையபடி நீட்டிக்கொண்டார்.

தமிழில் சொன்னாலும் இதே கதிதான். வங்கிப் படிவத்தில் ‘எழுத்தாளர்’ என்று நிரப்பிக் கொடுத்தேன். கணினியில் ஏற்றியவர் அதை ‘எழுத்தர்’ ஆக்கிவிட்டார். அதாவது கிளார்க். நிஜத்திலும் நான் கிளார்க்தான் என்பதால் சண்டைபோட வழியில்லை.

ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் பதினெட்டு வருடம். அதில் கடைசி மூன்று வருடம் என் டிபன் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் ராஜினாமாக் கடிதம் ஒன்று இருந்தது. எல்லாம் பேனாவில், தேதி மட்டும் பென்சிலில். மாதாமாதம் அழித்து எழுதி அந்த இடத்தில் தாள் அப்பளமாக மெலிந்துவிட்டது. ஓரத்தில் ஊறுகாய் எண்ணெய் வேறு.

தைரியம் தேடி முன்னோடிகளின் வாழ்க்கையைப் படித்தேன். தைரியம் தேவைப்படுகிறவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1921இல் பாரதி போனபோது நாற்பதுகூட ஆகவில்லை. புதுமைப்பித்தன் 1948இல், காசநோயில், 42 வயதில். எனக்கு 44. இந்தக் கணக்குப்படி நான் ஏற்கெனவே லேட்.

அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டுவிட்டு எழுத வந்ததை மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். “சுஜாதா?” என்றாள், அவ்வளவுதான். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் உத்தியோகத்தையும் விடாமல், வாக்குப்பதிவு இயந்திரத்திலும் பங்கெடுத்து, தொடர்கதையும் எழுதித் தள்ளிய மனிதரை வைத்துக்கொண்டு என்ன வாதாடுவது?

அதோடு நிறுத்தியிருக்கலாம். 1959இல் ‘எழுத்து’ பத்திரிகை தொடங்கிய சி.சு. செல்லப்பா அதற்காக மனைவியின் நகைகளை விற்றதைக் குரல் தழுதழுக்கச் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் காலையில் பீரோ சாவி வழக்கமான ஆணியில் இல்லை.

“அவங்க கதையெல்லாம் விடுங்க. எழுத்தால மாசம் எவ்வளவு வரும்? ஒரு நம்பர் சொல்லுங்க” என்றாள். கணக்குப் பிரிவு ஆசாமிக்கு அந்த ஒரு கணக்கு மட்டும் தெரியவில்லை. அதுவரை வந்த வரவு: ஒரு கதைக்கு 600 ரூபாய், இன்னொரு கதைக்கு அது வெளியான இதழில் ஒரு பிரதி.

இந்த நிலையில்தான் தெருமுனைப் பூக்காரப் பாட்டி வந்தார். “தம்பி, நீ என்னமோ எழுதுவியாமே?” எந்த ஸ்டேஷன் என்று கேட்காத முதல் ஆள்.

முதியோர் உதவித்தொகைக்கு இரண்டு தடவை மனுக் கொடுத்தும் பதிலில்லை. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டம். வாசலில் மனு எழுதுகிறவர்கள் ஐம்பது ரூபாய் கேட்கிறார்கள்.

உட்கார்ந்தேன். ‘வாழ்வின் அந்திப் பொழுதில் வாடிய மலராய்’ என்று பேனா கிளம்பியது. கிழித்துப் போட்டேன்.

“வயசு?”

“ஆதார்ல எழுபத்தொண்ணு. நெசமா எவ்வளவுன்னு தெரியாது.”

“பசங்க?”

“ஒருத்தன் இருந்தான்.”

அடுத்த கேள்வி வாய்க்கு வரவில்லை. பாட்டியே கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “முன்ன எல்லாம் இருட்டுலயே கட்டுவேன். இப்ப வெளிச்சத்துலயும் நாரு தெரியல.”

அதை அப்படியே எழுதினேன். இருபது வருட எழுத்தில் உவமை இல்லாமல் நான் எழுதிய முதல் பக்கம் அது. வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, “நான் சொன்னதத்தானே எழுதியிருக்க? இதுக்கா அம்பது ரூபா கேக்கிறான்?” என்றார். இத்தனை கறாரான விமர்சனம் எனக்கு அதுவரை வந்ததில்லை. கூலி, ஒரு முழம் கனகாம்பரம்.

நாலு மாதம் கழித்து பாட்டிக்குப் பணம் வந்தது. அன்று மனைவியிடம் சொன்னேன்: “நீ கேட்ட நம்பர் கிடைச்சிடுச்சு. என் எழுத்தால மாசாமாசம் 1,200 ரூபா வருது.”

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். “நெசமாவா? எந்தப் பத்திரிகை?”

“பத்திரிகை இல்ல. பூக்காரப் பாட்டிக்கு வருது.”

சிரித்தாள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். இரவு சாப்பாடு முடிந்ததும் கடிதத்தை மேஜையில் விரித்து வைத்துப் பென்சிலைத் தேடினேன். எதிரே உட்கார்ந்திருந்தவள் பேனாவை நீட்டினாள்.

வேலையை விட்டு ஏழு மாதம் ஆகிறது. பீரோ சாவி மட்டும் இன்னும் ஆணிக்குத் திரும்பவில்லை.