போயா: ஒரு பெயர் தேய்ந்த வரலாறு

கண்டியில் மாதம் ஒருமுறை இறைச்சிக்கடைக் கதவில் 'நாளைக்குப் போயா, கடை பூட்டு' என்று ஓர் அட்டை தொங்கும். இந்த ஈரெழுத்து முழுநிலா விடுமுறையின் பெயரன்று, பெயரின் மிச்சம் என்பதே நம் கோட்பாடு. வடமொழியில் 'உபவஸத', பாளியில் 'உபோசத', சிங்களத்தில் 'பொஹொய', பிறகு 'போய'. எழுத்தை எண்ணிப் பாருங்கள்: ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு. முழுநிலாவின் பெயருக்குத் தேய்பிறை பிடித்துவிட்டது. கடைசியில் ஒரு கால் சேர்த்துப் 'போயா' என நீட்டியது தமிழ் வாயின் தாராளம். மூலச்சொல் நம் உபவாசத்தின் உடன்பிறப்பு. ஆக, நோன்பிருந்து மெலிந்தது சொல்தான். சொல்கிறவர்கள் மெலிந்ததற்குச் சான்றில்லை.

பிரதமர் டட்லி சேனாநாயக்க ஆட்சியில், 1966இல், ஞாயிறு லீவு போய் நிலாவின் நான்கு போயா நாட்களும் வார விடுமுறையாயின. வாரம் சிலவேளை எட்டு நாளாய் நீண்டது. 1971இல் ஞாயிறு திரும்பியது. அடிக்கடி லீவு எடுத்த உத்தியோகத்தர்களே பெயரைச் சுருக்கினார்கள் எனச் சிலர் வாதிடலாம். ஆனால் கண்டி மல்வத்தை பௌத்த பீடத்துப் பழைய போயமலு விகாரையின் பெயரில் இச்சுருக்கம் ஏற்கெனவே இருக்கிறதே! பழி உத்தியோகத்தர்மேல் நில்லாது. இன்னொரு கட்சி, இது 'போ ஐயா' என்பதன் மரூஉ என்னும். போயாவன்று கச்சேரிப் படியேறிப் பூட்டிய கதவைக் கண்டவருக்குப் பொருள் பொருந்தும், இலக்கணமும் பொருந்தும், வரலாறுதான் பொருந்தவில்லை.

இழந்த நோன்பை மீட்கவே போலும், நம் பத்திரிகைகள் 'நோன்மதி தினம்' என்று எழுதுகின்றன. நோல் என்னும் வினையடியோடு மதி சேர, லகரம் னகரமாயிற்று என்று கொண்டால் இது அசல் வினைத்தொகை. நோற்ற மதியா, நோற்கின்ற மதியா, நோற்கும் மதியா என்று சொல் காட்டிக்கொடுக்காது. போயாவுக்குப் பூட்டுமுன், முதல் நாள் மாலை தவறணை வாசலில் நீளும் கியூவைப் பார்த்தால், காலம் கரந்த பெயரெச்சத்தை இதைவிடப் பொருத்தமாக எவரும் ஆண்டதில்லை எனலாம். ஆனால் கியூவில் நிற்கும் எவரும் 'நாளைக்கு நோன்மதி' என்று சொல்வதில்லை. அச்சில் நோன்மதி, வாயில் போயா. வழக்கு வாய்க்கே தீர்ப்பாகிறது. ஆய்வின் நடைமுறைப் பயன் ஒன்றே: கண்டிச் சந்தையில் இறைச்சி வாங்க நினைக்கும் வாசகர், கலண்டரைப் பார்த்து முதல் நாளே வாங்கிவிடுக.