லேசான காரும் பாரமான நானும்

மற்றவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது ஒரு கலை. அதில் நான் கைதேர்ந்தவன். தெருவில் குழாய்க்குக் கிடங்கு வெட்டினாலும் சரி, எதிர்வீட்டில் கூரை மாற்றினாலும் சரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். இடையிடையே 'ம்' கொட்டுவேன். குரொய்டனில் எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் இளைப்பாறிய கையோடு தன் கராஜில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டத் தொடங்கியதும், என் கலைக்கு நிரந்தர மேடை கிடைத்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசன் கார் செய்யிறார். நீங்கள் என்ன செய்யிறியள்?" என்றாள் மனைவி.

"மேற்பார்வை" என்றேன்.

அவர் கட்டுவது லோட்டஸ் செவன் சாயலில் ஒரு கார். லோட்டஸ் கார் நிறுவனத்தைத் தொடங்கிய கொலின் சப்மன், 1948இல் ஒரு பழைய ஒஸ்ரின் செவனை எடுத்துத் தன் முதல் காரைக் கட்டினார். கட்டிய இடம், வட லண்டனில் காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னாலிருந்த கராஜ். வருங்கால மாமனாரின் வளவில் இரும்பும் எண்ணெயுமாகப் பரப்பிவிட்டும் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்றால் அவர் உண்மையிலேயே பெரிய பொறியியலாளர்தான். என் மாமனார் வீட்டில் சைக்கிளுக்குக் காற்றடிக்கவே நான் முன் அனுமதி பெறவேண்டியிருந்தது.

1957இல் வந்த லோட்டஸ் செவனைப் பலர் உதிரிகளாகவே வாங்கினார்கள். முழுக் காராக வாங்கினால் அன்று கொள்வனவு வரி. உதிரியாக வாங்கிச் சொந்தமாகப் பூட்டினால் அது இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக்கூடாது என்பது அன்றைய விதி. ஆகவே கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்களாம். வாங்கியவர் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டு வந்தால் சரி. இந்தக் கதையைக் கேட்டதும் எனக்குச் சப்மன் மேல் சொந்தக்காரப் பாசமே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரரின் வேதம், 1996இல் ரொன் சம்பியன் எழுதிய புத்தகம். சொந்த ஸ்போர்ட்ஸ் காரை வெறும் 250 பவுணிலேயே கட்டலாம் என்று அதன் தலைப்பே ஆசைகாட்டுகிறது. முதலில் தட்டையான பலகையொன்றில் சட்டத்தின் கோடுகளை வரைந்தார். ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாய்களை அளந்து வெட்டி, கோட்டின் மேல் வைத்து வெல்டிங் செய்தார். பிறகு ஒரு கிழட்டு போர்ட் எஸ்கோர்ட்டைப் பிரித்து எஞ்சின், கியர்பெட்டி, பின்னச்சு எல்லாவற்றையும் உருவினார். சட்டத்துக்கு அலுமினியத் தகடு போர்த்தி ரிவிட் அடித்தார். 250 பவுண் எந்தக் கட்டத்தில் தீர்ந்தது என்று கேட்டேன். தன் மனைவி சமையலறை யன்னலில் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பெயின்ற்றின் நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

எனக்குப் பிடிபடாதது அந்தக் காரின் தத்துவம். பாரத்தைக் குறைத்தால் சின்ன எஞ்சினே போதும்; பிரேக்கும் டயரும் படும் பாடும் குறையும். இது சப்மன் கற்றுத்தந்த பாடம். ஆகவே கதவு இல்லை. கூரை என்று சொல்ல ஒன்றுமில்லை. ரேடியோ இல்லை. முழுக் காருமே 500, 600 கிலோதான். இல்லாதவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை! நான் வளர்ந்த யாழ்ப்பாணத்தில் ஒரு காரின் மதிப்பு, அது எவ்வளவு ஏற்றும் என்பதில்தான் இருந்தது. போர்க்காலத்தில் பெற்றோல் தடைப்பட்டபோது மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ-40, ஒரு கலியாண வீட்டையே வாழைக்குலையோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு போகும். இன்றைக்கும் என் காரின் டிக்கியில் ஓர் அரிசி மூட்டை, யாரோ வேண்டாமென்று தந்த நாற்காலி, கோயிலில் உடைக்க மறந்த தேங்காய் எல்லாம் நிரந்தரப் பிரயாணிகள்.

ஒருநாள் சின்னத் தகடொன்றில் துளைகள் போட்டு, சில கிராம் குறைத்துவிட்டதாக எனக்குக் காட்டினார். நான் அப்போது உழுந்துவடை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் வடையைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த துளை போடும் மெஷினைப் பார்த்தார். நான் ஓரடி பின்வாங்கினேன்.

கார் தெருவுக்கு வருவதென்றால் அரசாங்கப் பரிசோதனையில் தேற வேண்டும். ஆளைக் கிழிக்கக்கூடிய கூர் விளிம்பு வெளியே இருக்கக்கூடாது. படக்கூடிய விளிம்பின் வளைவுக்குக் குறைந்தது 2.5 மில்லிமீற்றர் ஆரை வேண்டும். அதற்காக நட்டுகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி போட்டார். இதை வீட்டில் விளக்கினேன்.

"அந்தச் சோதனையிலை நீங்கள் பாஸ்தான். உங்களிட்டை எங்கை கூர் இருக்கு?" என்றாள்.

கடைசியில் நானும் தேவைப்பட்டேன். ஸ்பிரிங்குகளின் உயரத்தைச் சரிசெய்யும்போது இருக்கையில் ஓட்டுநரின் பாரம் இருக்க வேண்டும்; ஓட்டுநரோ ஸ்பானரோடு கீழே படுத்துக் கிடக்கிறார். என்னை ஏறி உட்காரச் சொன்னார். சும்மா இருப்பதே உத்தியோகமாகக் கிடைத்த பூரிப்பில், எந்த நட்டை எந்தப் பக்கம் திருகவேண்டும் என்று மேலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த நாள் போனால் அந்த இருக்கையில் ஒரு மணல் மூட்டை. தன் எடைக்குச் சரியாகக் கூட்டிக் குறைக்க அதுதான் வசதி என்று அவர் மரியாதையாகக் காரணம் சொன்னார்.

மனைவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"நல்ல தெரிவு" என்றாள். "அது வாய் திறவாது. வடையும் கேளாது."