சிவப்பு ஜக்கெட்டும் ஷெங்கன் விசாவும்

இந்த வாரமும் வந்துவிட்டது. பிரசல்ஸில் ஞாயிறு இரவு எட்டு மணி என்றால், குளிர்காலத்தில் நமக்குப் பன்னிரண்டரை. மாத்தளை டவுனில் கடைசிக் கொத்துரொட்டிச் சத்தமும் அடங்கிய பிறகு தலையணைக்கடியில் போன் துடிக்கத் தொடங்குகிறது. பதினேழு படங்கள். சனிக்கிழமை பிரசல்ஸ், ஞாயிற்றுக்கிழமை புரூஜ், திங்கட்கிழமை விடிந்தால் வேலை. போன வாரம் மிலான். அதற்கு முந்திய வாரம் எங்கே என்று ஞாபகமில்லை; அங்கேயும் ஒரு பாலம் இருந்தது, பாலத்தில் இவர்கள் இருந்தார்கள். கலியாணமாகி இரண்டு வருடம்கூட ஆகாமல், லண்டனிலோ பாரிஸிலோ சூரிக்கிலோ வாடகை அறையில் குடித்தனம் நடத்தும் நம் வீட்டுப் பிள்ளைகளின் சனி ஞாயிறுப் பயணங்களைப் பற்றி என்னிடம் முக்கியமான கருத்து ஒன்று இருக்கிறது. கேட்டால் கலியாணத் தரகர்கள்கூடக் கொஞ்சம் யோசிப்பார்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்த ஜக்கெட் விடயத்தை முடித்துவிடுகிறேன்.

சிவப்பு ஜக்கெட். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் அது மஞ்சளாக இருக்கலாம், கத்தரிப்பூ நிறமாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் சிவப்பு. கோபுரம் மாறுகிறது, ஆறு மாறுகிறது, மருமகனின் தாடி வளர்ந்து மறைந்து மறுபடியும் வளர்கிறது. ஜக்கெட் மட்டும் மாறுவதில்லை. கடன்பட்டு எடுத்த கூறைச்சேலையை ஊர் பார்த்தது ஒரேயொரு நாள், அதுவும் மாலைக்குள் பாதி மறைந்திருந்தது. இந்த ஜக்கெட்டை ஊர் ஒரு வருடமாகப் பார்க்கிறது. அதன் வரலாற்றை எழுதும் அளவுக்கு இங்கே பெரியம்மாமார் தேறிவிட்டார்கள். இடது பக்கத்து ஸிப் அம்ஸ்டர்டாமில் நன்றாக இருந்தது, கொலோனில் பாதியில் சிக்கிக்கொண்டது, பிராக்கில் ஊக்கு குத்தியிருந்தது. உடைந்த பானை ஓட்டை வைத்துத் தொல்பொருள்காரர் காலம் கணிப்பதுபோல, முழங்கையில் உள்ள தக்காளிக் கறையை வைத்து எந்தப் படம் முந்தியது என்று சொல்லிவிடலாம்: கறை இல்லாவிட்டால் வெனிஸுக்கு முன், இருந்தால் வெனிஸுக்குப் பின். போதாக்குறைக்கு இப்போது முதுகைக் காட்டி நிற்கும் படங்கள் வேறு. மலையைப் பார்த்தபடி, ஏரியைப் பார்த்தபடி, பெரிய ஞானம் ஏதோ கிடைக்கப்போகிறதுபோல இருவரும் அந்தப் பக்கம் திரும்பி நிற்பார்கள். அதில் ஆள் யாரென்று சாட்சி சொல்வதே ஜக்கெட்தான். நாளைக்கு முன்பின் தெரியாத ஒருத்தி அதைப் போட்டுக்கொண்டு வியன்னாவில் முதுகைக் காட்டினாலும் இங்கிருந்து "அழகுச் செல்லம்" என்று பறக்கும். பிரசல்ஸில் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும் வெண்கலப் பையன் ஒருவன் நிற்கிறான். உயரம் அரை மீற்றருக்குச் சற்று மேல். அவனுக்கென்று பல நாடுகளிலிருந்தும் வந்து சேர்ந்த உடுப்புகள் ஆயிரத்தைத் தாண்டும்; அவற்றை வைக்கத் தனி அருங்காட்சியகமே உண்டு. ஆயிரம் உடுப்பு உள்ளவன் அம்மணமாக நிற்க, ஒரு ஜக்கெட் உள்ளவர்கள் அவனை ஏதோ இல்லாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சிரித்துப் படமெடுக்கிறார்கள். ஏன் வேறொன்று வாங்கக்கூடாது என்று கேட்டால் விடை மலிவு விமானத்தில் இருக்கிறது. அங்கே ஒரு சின்னப் பைக்கு மேல் எதைக் கொண்டுபோனாலும் காசு. உடம்பில் மாட்டியதற்குக் காசு இல்லை. ஆகவே சார்ஜர், பல்துலக்கும் பிரஷ், ஒரு சோடி காலுறை, சம்பல் போத்தல் எல்லாம் ஜக்கெட்டின் பைகளுக்குள் போகின்றன. கலியாணத்துக்குப் பிறகு பிள்ளை பருத்துவிட்டாளே என்று இங்கே மகிழ்கிறார்களே, அதில் பாதி சார்ஜர்.

ஜக்கெட்டில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இருக்கிறது, இருந்தாலும் அது இரண்டாம்பட்சம். ஆட்சேபம் அது நிற்கும் இடத்தைப் பற்றியது. எப்போதும் முன்னால் நிற்கிறது. என் வாதத்தை ஒரே வரியில் சொல்வதானால், இந்தப் பிள்ளைகள் ஐரோப்பாவைப் பார்க்கப் போகவில்லை, மறைக்கப் போகிறார்கள். ஆதாரம் வேண்டுமா? லூவரில் உள்ள மோனா லிசாவை எடுங்கள். உயரம் 77 சென்ரிமீற்றர், அகலம் 53. புடவைக்கடைக் கலண்டரைவிட அப்படியொன்றும் பெரிதில்லை. அதன் முன்னால் இரண்டு தலைகள் ஒட்டி நின்றால் மிச்சமாவது சட்டத்தின் மேல்மூலை. லியொனார்டோ டா வின்சி பாடுபட்டுத் தீட்டிய அந்தச் சிரிப்பு இருந்த இடத்தில் நம் மருமகனின் சிரிப்பு இருக்கிறது. பீசாவில் சரிந்த கோபுரத்தை 1990ஆம் ஆண்டு மூடி, ஒரு பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றி, சரிவைக் குறைத்து 2001 டிசம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். பொறியியலாளர்களுக்குப் பதினொரு வருடத்துக்கு மேல் பிடித்த வேலையை இவர்கள் உள்ளங்கையால் செய்துவிடுகிறார்கள். கோபுரத்தின் பாதி அந்தக் கைக்குப் பின்னால் போய்விடுகிறது. சுவிற்சர்லாந்தின் டிட்லிஸ் மலையில் இன்னும் விசேஷம். ஏறத்தாழ 3,000 மீற்றர் உயரத்தில், பனிக்கு நடுவே, ஷாருக் கானும் கஜோலும் நிற்கும் கட்டவுட் ஒன்று வைத்திருக்கிறார்கள். 1995இல் வந்த இந்திப் படம் ஒன்றின் ஞாபகார்த்தம். கயிற்றுக் காரில் அவ்வளவு உயரம் ஏறிப்போய், ஆல்ப்ஸ் மலைத்தொடருக்கு முதுகைத் திருப்பி, ஒரு சோடியின் படத்தோடு நம் சோடி படமெடுக்கிறது. மலை எங்கே என்று நான் தேடினேன். கஜோலின் தோளுக்கு மேல் ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. அதுவும் மேகமாக இருக்கலாம்.

பாரிஸில் போந்த் தெ ஸார் என்ற நடைபாலத்தின் கதையும் இதே கதைதான். சோடிகள் பெயர் எழுதிப் பூட்டுப் போட்டு, சாவியை ஆற்றில் எறிந்து, எறிந்ததைப் படமெடுத்து, 2014இல் கம்பித் தடுப்பின் ஒரு துண்டே பாரம் தாங்காமல் விழுந்தது. அடுத்த வருடம் நகரசபை அங்கிருந்து கழற்றிய பூட்டுகள் ஏறத்தாழ 45 தொன். நம் கோயில் மரங்களிலும் நேர்த்திக்கு மஞ்சள் கயிறும் சின்னத் தொட்டிலும் கட்டுகிறோம். மரம் விழுந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் எனக்குத் தெரியும். படமெடுத்துக்கொள்வது புதிதா, உங்கள் காலத்தில் ஸ்டூடியோவுக்குப் போகவில்லையா என்பார்கள். போனோம். நீர்வீழ்ச்சியும் மாடிப்படியும் வரைந்த திரைக்கு முன்னால், மூச்சை அடக்கி, தூக்குப்போடப் போகிறவர்கள்போல நின்றோம். திரை துணி, அதை மறைத்ததால் யாருக்கும் நட்டமில்லை. இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் சீகிரியாவைக் கொண்டுவருவார்கள். அது நம் மாவட்டத்துச் சங்கதி என்பதால் எனக்கும் மறுக்க முடியாது. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் கட்டிய அந்தக் குன்றுக் கோட்டையின் கண்ணாடிச் சுவரில், பிற்காலத்தில் பார்க்க வந்தவர்கள் கீறிவைத்த சிங்களக் கவிதைகளில் 685ஐப் பேராசிரியர் பரணவிதான வாசித்து 1956இல் புத்தகமாக்கினார். பெயரைப் போட்டார்கள், சிலர் ஊரையும் போட்டார்கள், பெண்களும் எழுதியிருக்கிறார்கள். "வந்தோம், பார்த்தோம்" என்று ஊருக்கு அறிவிக்கும் ஆசை ஆயிரம் வருடத்துக்கு முன்பே மாத்தளை மாவட்டத்தில் இருந்ததுதான். சரி. ஆனால் அவர்கள் பாறையில் மேலே தீட்டப்பட்டிருந்த பெண்களைப் பார்த்தார்கள், பார்த்ததைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பெண்களை மறைத்துக்கொண்டு நிற்கவில்லை. (அதே சுவரில் பெயர் கீறியதற்காக 2015இல் ஒரு யுவதிக்கு இரண்டு வருடச் சிறை விதிக்கப்பட்டது, பிறகு ஜனாதிபதி மன்னித்து விட்டார். ஆயிரம் வருடம் முந்திப் பிறந்திருந்தால் பரணவிதானவின் புத்தகத்தில் இடம் பிடித்திருப்பாள்.) நம்மவரிலும் உதாரணம் உண்டு. ஏ.கே. செட்டியார் காந்தி இருக்கும் படச்சுருள்களைத் தேடி உலகத்தைச் சுற்றி, 1940இல் ஆவணப்படமாக்கி வெளியிட்டார். அவர் அலைந்து சேர்த்தது காந்தியை. தம்மை அல்ல.

உழைக்கிற பிள்ளைகள், ஐந்து நாளும் முதியோர் இல்லத்திலும் களஞ்சியத்திலும் சமையலறையிலும் முறிகிறார்கள், இரண்டு நாள் சுற்றட்டுமே என்பது அடுத்த சமாதானம். இதற்கு என்னிடம் பதில் இல்லை என்று நினைப்பவர்கள் செலவுக் கணக்கைப் பார்க்கட்டும். இலங்கைக் கடவுச்சீட்டோடு லண்டனில் இருக்கும் சோடி சனி ஞாயிறில் பாரிஸைப் பார்க்க ஆளுக்கு 90 யூரோ கொடுத்து ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும், தங்குமிடத்தைக் காட்ட வேண்டும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். இத்தனைக்கும் ஷெங்கன் என்பது லக்சம்பேர்க்கில், மோசெல் ஆற்றங்கரையில், திராட்சை வளர்க்கும் ஒரு சின்னக் கிராமம். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் அங்கே கையெழுத்துப் போட்டன. நம் பிள்ளைகள் காலையும் மாலையும் உச்சரிக்கும் இந்த ஊரின் பெயரை நல்லூர்க் கந்தனின் பெயர்கூட எட்டவில்லை. ஆனால் ஷெங்கனுக்குப் போய் எடுத்த படம் ஒன்றுகூட இதுவரை என் போனுக்கு வரவில்லை. அங்கே மறைப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லைபோலும்.

காப்புறுதி என்றதும், அது இல்லாமல் நடந்த வேறொரு பயணம் ஞாபகம் வருகிறது. மாத்தளையே ஒரு பயணத்தின் முடிவில் இருக்கும் ஊர். தென்னிந்தியாவிலிருந்து வள்ளத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளை கடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு நம் பாட்டன் பூட்டிமார் நடந்துவந்த பாதை இங்கேதான் மூச்சு வாங்கியது. வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களைக் கணக்கெடுத்து முடியவில்லை. 2023இல், அந்த வருகையின் இருநூறு வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மறுபடி நடந்தார்கள். முதலில் நடந்தவர்களிடம் ஜக்கெட் இருக்கவில்லை. கம்பளி கிடைத்தது தோட்டத்துக்கு வந்த பிறகு, அதுவும் கடன் கணக்கில். இதைச் சொன்னால் பிள்ளைகள் "தாத்தா தொடங்கிட்டார்" என்பார்கள் என்று தெரியும். இருந்தாலும் அந்தக் கம்பளியை நினைக்கும்போது தக்காளிக் கறை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது.

பிடிக்காவிட்டால் பார்க்காமல் விடலாமே என்பது கடைசிச் சமாதானம். எங்கே வாழ்கிறீர்கள்? பதினேழு படத்தில் பதினாறுக்கு மட்டும் இதயம் போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் பிள்ளையின் அம்மா தொலைபேசியில் வந்து "ஏன், அந்தப் பாலத்துப் படம் பிடிக்கவில்லையா" என்று கேட்பார். செத்த வீட்டுக்குப் போகாவிட்டால் மன்னிப்பு உண்டு, பிந்திப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். ஸ்டேட்டஸ் இருபத்துநான்கு மணித்தியாலத்தில் போய்விடும். ஆகவே நடப்பவர்கள் அவர்கள், களைப்பவர்கள் நாங்கள். பொறாமை என்கிறீர்களா? ஆம், பொறாமைதான். மாத்தளை பஸ் நிலையத்திலிருந்து மூன்று கிலோமீற்றரில் அலுவிகாரை இருக்கிறது. திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட குகைகள். தம்புள்ளை பஸ்ஸில் நூறு தடவை அதைக் கடந்தும், இறங்கிப் பார்க்காமல் "டிக்கட் தம்புள்ளைக்கு எடுத்தாச்சே" என்று உட்கார்ந்தே இருந்த ஊர்க்காரன், இரண்டு நாளில் இரண்டு நாடு பார்க்கிறவர்களைக் கண்டு பொறாமைப்படாமல் வேறென்ன செய்வான்? குறைந்தது நாங்கள் அலுவிகாரையை யாருக்கும் மறைக்கவில்லை.

கலியாணத்தைப் பற்றிய அந்த முக்கியமான கருத்துக்கு இடம் போதாது போலிருக்கிறது. அதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு ஒரு பிரயோசனமான தகவல். இலங்கைக் கடவுச்சீட்டு கையில் இருக்கும்போதே ஒருதரம் வந்து சீகிரியா ஏறிவிடுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வந்த பிறகு ஆளுக்கு 30 டொலருக்குக் குறையாமல் வாங்குவார்கள். கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நிற்கிறபோது தயவுசெய்து கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள். ஜக்கெட்டையும் கொண்டுவாருங்கள். சீகிரியா வெயிலுக்குத் தேவைப்படாது. ரிவர்ஸ்டன் மலையில் காற்று ஆளையே தள்ளும், அங்கே போடலாம். வருவதற்கு முன் ஒரு தடவை துவைத்துவிடுங்கள்.