புகைக்கு ஒரு போஸ்

இன்வெர்ட்டர் வந்ததும் மெழுகுவர்த்திக்கு வேலை போயிற்று. இப்போது அதைப் படமெடுக்க ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. மெழுகுவர்த்தியைக்கூட அல்ல, அதை ஊதி அணைத்தபின் எழும் புகையை!

ஃபிளாஷ் கூடாதாம், ஜன்னல் வெளிச்சம்தான் கலையாம். அது பக்கவாட்டில் விழ வேண்டும். பின்னணியில் கறுப்புத் துணி. (சபரிமலை வேட்டி இதற்குக் கனகச்சிதம், வீட்டுப் பெரியவர் கண்ணில் படாதவரை.) ஷட்டர் 1/250 நொடியாவது இருக்க வேண்டும், இல்லையேல் சுருள்கள் குழம்பிவிடும். அதற்கு வெளிச்சம் போதாதென்று ஐஎஸ்ஓவை ஏற்றினால் படமெங்கும் ரவை தூவியதுபோல் புள்ளிகள். மின்விசிறி கண்டிப்பாக நிற்க வேண்டும். சித்திரை வெயில், பிற்பகல் இரண்டு மணி. வீட்டில் யாரும் தும்மக்கூட அனுமதியில்லை.

இத்தனைக்கும் அந்த வெண்புகை, எரியாமல் தப்பிய மெழுகின் ஆவி குளிர்ந்த நுண்துளிகள்தான். அதில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலே நெருப்பு இறங்கிப் பற்றிக்கொள்ளும். 1860 கிறிஸ்துமஸ் சமயம் தொடங்கிய லண்டன் சொற்பொழிவுகளில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்கு இதைச் செய்து காட்டினார். நல்லவேளை, லைக் எண்ணும் வேலை அவருக்கு இல்லை.

மெழுகுவர்த்திப் புகை சில நொடிகளில் தீர்ந்துவிடும். ஊதுவத்தி நின்று நிதானமாகப் புகையும். கலைஞர்களே, அதையே ஏற்றுங்கள், சாமிக்கும் ஆயிற்று.