மூன்றாவது விசிலின் பதிப்புரிமை

வீட்டுப் பதிவு என்பது, ஒருவர் விற்கும் நோக்கம் ஏதுமின்றித் தம் சொந்தச் செவிக்காக ஒரு பாடலைப் படியெடுத்து வைத்துக்கொள்ளுதல் ஆகும். அது சட்டப்படி சரியா என்னும் வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். மாதச் சந்தா முடிந்த மறுநாள் காலையில், ‘தரவிறக்கியவை’ என்று செயலி தானே பெயரிட்டிருந்த பாடல்கள் அனைத்தும் கட்டுரையாளரின் கைப்பேசியில் சாம்பல் பூத்துக் கிடந்ததற்கும் இவ்வாராய்ச்சிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. ஆனால் 2012இல் திருத்தம் வரும்வரை இச்சலுகை இசைப் படைப்புக்கு, அதாவது மெட்டுக்கு, இருந்ததே தவிர, ஒலிப்பதிவுக்கு, அதாவது அம்மெட்டைப் பாடிப் பதிந்து வைத்த நாடாவுக்கு, இருந்ததில்லை. சலுகை வந்து சேர்ந்தபோது நாடாவில் பூஞ்சை படர்ந்திருந்தது; டேப் ரெக்கார்டர் பரணுக்குப் போயிருந்தது.

இரண்டு டேப் ரெக்கார்டர்களை எதிரெதிரே வைத்து, மின்விசிறியை நிறுத்தி, வீட்டாரை வாய்பொத்தச் செய்து எடுத்த பதிவுகளில், இரண்டாம் சரணத்தின் நடுவே குக்கர் விசிலடித்தே தீரும் என்பதை வாசகர் அறிவர். அவ்விசில் யாருடையது என்பது இதுவரை எவரும் தொடாத சிக்கல். ஒலிப்பதிவின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளரே என்றும், தயாரிப்பாளர் என்பவர் அதற்கு முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்றவர் என்றும் சட்டம் வரையறுக்கிறது. பொத்தானை அழுத்திய சிறுவன் பாட்டுக்குப் பொறுப்பேற்கலாம், ஆனால் விசிலுக்கான முன்முயற்சி துவரம்பருப்பைக் களைந்து போட்ட பெரியம்மாவினுடையது. இனி, நிகழ்த்துநர் என்றொரு வகையினர் உளர்; அவ்வரையறை பாடகர், நடிகரோடு கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும் கூட மறவாமல் குறிப்பிட்டுவிட்டுக் குக்கர் வைப்பவரை விட்டுவிட்டது எனினும், ‘நிகழ்த்தும் பிற எவரும்’ என்று முடிவதால் பெரியம்மாவுக்கு அதில் இடமுண்டு; நிகழ்த்துநர் உரிமையோ 50 ஆண்டுகள் நீடிப்பது. மூன்றாவது விசிலை அடுத்து, “டேய், அடுப்பை அணைடா!” என்று பதிவாகியிருப்பதைச் சொற்பொழிவில் சேர்ப்பதா என்பது தனி ஆய்வுக்குரியது. விசில் பக்கத்து வீட்டுக் குக்கருடையதாயின் சிக்கல் இரட்டிக்கும். ஏனெனில், அவ்வீட்டாரிடம் ஒப்புதல் கேட்பது இருக்கட்டும், பேச்சுவார்த்தையே இருந்ததில்லை.

செயலி தரும் துல்லியமான ஒலியில் அதே சரணம் வரும்போது, கேட்பவரின் காது விசிலுக்காகக் காத்திருந்து ஏமாறுகிறது. இந்த ஏமாற்றத்துக்கும் சேர்த்தே சந்தா வாங்கப்படுகிறது. பூஞ்சை பிடித்த நாடாவாயினும், அது மாதம் பிறந்ததும் கைநீட்டியதில்லை. தொடக்கத்தில் எழுப்பிய சட்ட வினா இனி எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். அதற்குமுன், பரணிலிருந்து இறக்கிப் பென்சிலால் சுற்றிச் சரிசெய்த நாடாவை மறுபடி படியெடுக்க நிகழ்த்துநரின் ஒப்புதல் கோரப்பட்டது. முழுவதும் கேட்டு முடித்த பெரியம்மா, மூன்று விசிலுக்கு அந்தப் பருப்பு வெந்திருக்காதே என்றார்.