மறக்கத் தெரியாத பிரவுசர்

பிரவுசரை அப்டேட் செய்யச் சொல்லும் அறிவிப்பைத் தள்ளிவிடுவதில் மனிதர்கள் காட்டும் வேகம் அலாதியானது. கேட்டால், நன்றாகத்தானே ஓடுகிறது, அதை ஏன் நோண்டுவானேன் என்பார்கள். நன்றாக ஓடுவதுதான் கோளாறே. பழைய பிரவுசருக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. ஒரு தளத்தோடு ரகசியமாகப் பேசத் தொடங்குமுன், எந்தக் குறியாக்க முறையில் பேசுவது என்று இரு தரப்புக்கும் ஒரு பேரம் நடக்கிறது. காய்கறிச் சந்தையில் வியாபாரி இறங்கி வந்தால் நமக்கு லாபம். இங்கே நம் பிரவுசர் இறங்கி வந்தால் லாபம் முழுக்க நடுவில் ஒளிந்து நிற்பவனுக்கு.

1990களில் அமெரிக்கா வலுவான குறியாக்கத்தை ஆயுதக் கணக்கில் வைத்திருந்தது. வெளிநாட்டுக்குப் போகும் மென்பொருளில் 512 பிட் அளவுள்ள சோப்ளாங்கிச் சாவிதான் இருக்கலாம் என்று கட்டுப்பாடு. பிறகு கட்டுப்பாடு தளர்ந்தது. சாவியைத் தூக்கிப்போட யாருக்கும் தோன்றவில்லை. 2015இல் ஃப்ரீக் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது பார்த்தால், எத்தனையோ தளங்கள் அந்தச் சாவியை இன்னும் பத்திரமாக வைத்திருந்தன. சஃபாரியும் ஆண்ட்ராய்டின் பழைய பிரவுசரும், தாங்கள் கேட்காத அந்தச் சாவியை யாரோ நடுவில் புகுந்து தளத்திடமிருந்து வாங்கி நீட்டியதும் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டன. அதை உடைக்க வாடகைக் கணினியில் சில மணி நேரமும் சுமார் 100 டாலரும் போதும். இந்த ஓட்டையை அடைத்த அப்டேட் எந்தப் புது வித்தையையும் கற்றுத்தரவில்லை. ஒரு பழைய பழக்கத்தை மறக்கடித்தது, அவ்வளவுதான்.

நம்பிக்கை விஷயத்துக்கும் இதே கதிதான். 2011இல் தளங்கள் அசல்தான் என்று சான்றிதழ் தரும் நெதர்லாந்தின் டிஜிநோட்டர் என்ற நிறுவனத்துக்குள் நுழைந்தவர்கள் கூகுளின் பெயரிலேயே போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். ஈரானில் இருந்தவர்களின் ஜிமெயிலை ஒட்டுக்கேட்க அது பயன்பட்டது. பிரவுசர்கள் அப்டேட் அனுப்பி, தாங்கள் நம்பும் பட்டியலிலிருந்து அந்த நிறுவனத்தின் பெயரை அடித்தன. அடுத்த மாதமே நிறுவனம் திவால். அப்டேட் ஆகாத கணினிகளில் மட்டும் அதற்கு அப்புறமும் நல்ல பெயர்.

அப்டேட் செய்தால் பொத்தான்கள் இடம் மாறிவிடுகின்றனவே என்பது நியாயமான புகார். பூட்டை மாற்றும் சாக்கில் சுவருக்கும் வர்ணம் அடித்துவிட்டுப் போகும் நிறுவனங்களைத் திட்டலாம். பூட்டையும் சேர்த்து வேண்டாம் என்பதுதான் பொருந்தவில்லை.

புதுப்பித்தால் அரசுத் தளம் திறக்கவில்லை என்ற புகார் இன்னும் வலுவானது, அதற்கு ஆதாரமும் உண்டு. 1999இல் பிறந்த டிஎல்எஸ் 1.0 என்ற குறியாக்க முறையை ஃபயர்ஃபாக்ஸ் 2020 மார்ச்சில் நிறுத்தியது. கொரோனா பரவும் வேளையில், தகவல் தரவேண்டிய சில அரசுத் தளங்களே அந்தக் கிழ முறையில் ஓடுவது தெரியவந்து, நிறுத்தியதைத் திரும்பத் திறந்துவிட்டது. உலகமே தொற்றுக்கு அஞ்சி அடைந்துகிடக்க, டிஎல்எஸ் 1.0க்கு மட்டும் விடுதலை! அதுவும் ஜூன் வரைதான்.

போன் பழசு, அப்டேட்டே வருவதில்லை என்பவரிடம் வாதாட முடியாது; தப்பு அவருடையதல்ல, தயாரித்தவருடையது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தளங்களுக்குத் தரும் சான்றிதழ்கள் சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, பழைய ஆண்ட்ராய்டு போன்கள் தப்பிப் பிழைத்தன. மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பார்க்கும் வழக்கமே அவற்றுக்கு இல்லை என்பதால் காலாவதியான சான்றிதழும் அவற்றிடம் செல்லுபடியானது. அப்படிப்பட்ட போன்களுக்கு ஃபயர்ஃபாக்ஸை நிறுவச் சொல்லியும் யோசனை வந்தது. யாரை நம்பலாம் என்ற பட்டியலை அது போனிடம் கடன் வாங்காமல் தன்னோடே கொண்டுவருகிறது.