வண்டி குலுங்குது, கை ஸ்க்ரூவுக்குப் போகுது!

கே: சிக்னலில் நின்றால் என் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் குலுங்கிக் குலுங்கி அணைந்துவிடுகிறது. கார்ப்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவியாச்சு. பலனில்லை. (மயிலாப்பூர்)

ப: திருடன் ஓடிவிட்டான், நீங்கள் சாட்சியைப் பிடித்து உதைக்கிறீர்கள். முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயின்ட்டைப் பாருங்கள். ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் மேடு தெரிந்தால் கண்டென்சரோடு சேர்த்து மாற்றுங்கள். இடைவெளி 0.015 அங்குலம், ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போகணும். முதலில் நெருப்பு, அடுத்து காற்று, கடைசியில்தான் கார்ப்புரேட்டர். இந்த வரிசையை மாற்றுகிறவர் ஞாயிற்றுக்கிழமைகளை வண்டிக்கே எழுதி வைத்துவிடலாம்.

கே: நாலு சிலிண்டரில் எது சண்டித்தனம் பண்ணுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? (மந்தைவெளி)

ப: ஐடிலிங்கில் ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட குறடால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டுங்கள். எடுத்ததும் என்ஜின் இன்னும் தொய்ந்தால் அது உழைக்கிற சிலிண்டர். எடுத்தாலும் சத்தம் மாறாவிட்டால், உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற ஆசாமி அதுதான். திரும்ப மாட்டும்போது 1-3-4-2 என்ற வரிசை தவறக் கூடாது. ஹெரால்ட், பத்மினி, அம்பாசடர் மூன்றுக்கும் அதே கணக்கு.

கே: இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே தூங்கினால்? (மந்தைவெளி, அதே வாசகர்)

ப: ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம். கம்ப்ரெஷன் கேஜ் போட்டுப் பார்க்காமல் எவரையும் ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள்.

கே: ரோட்டில் பறக்கிறது, நின்றால் நடுங்குகிறது. ஏன் இந்த இரட்டை வேஷம்? (மேற்கு மாம்பலம்)

ப: காற்று ஒழுகல். ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். என்ஜின் குடிக்கிற காற்றே கொஞ்சம். அதில் ஓட்டை வழியாகக் கொஞ்சம் கூடுதலாக நுழைந்தாலும் கலவை நீர்த்துப்போகும். வேகத்தில் போகும்போது காற்று வெள்ளமாக வருவதால் அந்தக் கொஞ்சம் தெரியாது.

கார்ப்புரேட்டர் அடி கேஸ்கெட், மேனிஃபோல்ட் சேருமிடம், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வாக்யூம் டியூப், இந்த மூன்றிலும் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். எந்த இடத்தில் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கச் சொல்கிற மெக்கானிக்கிடம், பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் கொதிக்கிறது என்று நினைவூட்டிவிட்டு நீங்கள் தெருமுனைக்குப் போய்விடுங்கள்.

த்ராட்டில் அச்சையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொடத்தால் புது புஷ் போடணும். ஐம்பது வருஷம் உழைத்த அச்சு தேயாமல் என்ன செய்யும்?

கே: சோலெக்ஸ் கார்ப்புரேட்டரின் மிக்சர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று திறக்கணும்? (நந்தனம்)

ப: ஆஹா, வந்துவிட்டார்! மெதுவாக மூடி, ஒன்றரைச் சுற்று திறங்கள். அது வெறும் ஆரம்பம். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, கால் கால் சுற்றாகத் திருப்பி, எங்கே சத்தம் சீராகி வேகம் கூடுகிறதோ அங்கே நிறுத்துங்கள். மூடும்போது பலத்தைக் காட்டினால் ஊசி முனையில் வரி விழும். பிறகு எந்தச் சுற்றும் உதவாது.

கே: அம்பாசடரில் எஸ்.யூ. கார்ப்புரேட்டர். கலவை சரியா என்று சோதிக்க வழி? (அடையாறு)

ப: பக்கத்தில் இருக்கும் சின்ன ஊசியை மேலே தள்ளி, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். வேகம் ஏறி ஏறினபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் ஏறி இறங்கினால் கச்சிதம். எஸ்.யூ. கார்ப்புரேட்டரைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் குடும்பம் லண்டனில் செருப்பு வியாபாரம் செய்தது. ஆரம்ப கார்ப்புரேட்டர்களில் தோல் துருத்தி வைத்தார்கள். குலத்தொழில் விடவில்லை!

கே: ஐப்பசி மழையில் காலையில் மட்டும் மிஸ்ஸிங். (சி.ஐ.டி. நகர்)

ப: டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம். உலர்ந்த துணியால் துடைத்து, உள்ளே தலைமுடி அளவு கரிக்கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மூடியை மாற்றுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து ஓடவிடுங்கள். ஒயர் மேல் நீலப்பொறி ஊர்ந்தால், உங்கள் வீட்டில் மட்டும் தீபாவளி முன்கூட்டியே வந்துவிட்டது.

கே: எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் ஐடிலிங் கெட்டதா? (பெசன்ட் நகர்)

ப: பங்கு உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று. எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பழைய ஜெட்டுக்கு இது தெரியாது, கலவை நீர்க்கிறது. பழைய ரப்பர் ஹோஸையும் அது அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஷெட்டில் மாதக்கணக்கில் போட்டு வைக்காமல் வாரம் ஒரு முறை எலியட்ஸ் பீச் வரை காட்டிவிட்டு வாருங்கள்.

கே: ஹெரால்ட் நிஜமாகவே மெட்ராஸ் கார்தானா? (ராயப்பேட்டை)

ப: உருவம் வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோத்தி, மூலம் இங்கிலாந்தின் டிரயம்ப், 1961 முதல் கட்டியது நம் வண்டலூர்ப் பக்கம். நாலு கதவு நாம் சேர்த்தது. முன்பக்கம் முழுசாகத் திறந்துகொள்ளும்; டயர் மேல் உட்கார்ந்தபடியே டியூனிங் பண்ணலாம். இன்றைய கார்களில் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் வணக்கம் சொல்கிறது. ஹெரால்டைக் கட்டிய ஸ்டாண்டர்ட் கம்பெனி 1988-இல் நின்றது. ஸ்பேருக்கு ஜி.பி. ரோடு, அங்கே இல்லாவிட்டால் புதுப்பேட்டை. பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பெயர் சொன்னால் வேறு ஏதாவது வரும்.

கே: எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடலாமா? (தி.நகர்)

ப: தாராளமாக. பழைய பாயின்ட்டையும் கண்டென்சரையும் டூல் பாக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பாயின்ட் மக்கர் பண்ணினால் ஒரு துண்டு உப்புத்தாள் உங்களை வீட்டில் சேர்க்கும். பனகல் பார்க் நெரிசலில் மாட்யூல் செத்தால், கயிறுதான்.